டிராகன் பால் ஃபைட்டர்ஸ்: ரசிகருக்கான கேமா, ஆட்டக்காரருக்கான கேமா?

கேட்டவர் கேட்டது இது: "சின்ன வயதிலிருந்து டிராகன் பால் இசட் பார்ப்பவன். ஃபைட்டிங் கேம் எதையும் ஒழுங்காக ஆடியதில்லை. டிராகன் பால் ஃபைட்டர்ஸ் தள்ளுபடியில் கிடைக்கிறது. தம்பியோடு சேர்ந்து ஆட வாங்கலாமா? அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பெயரை வைத்துக் காசு பார்க்கும் கேமா, இல்லை உண்மையிலேயே நல்ல கேமா? நிறை குறை இரண்டையும் சொல்லுங்கள்."

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திரையில் பார்த்து ரசித்த சண்டையை நம் கையால் போடும்போது அந்தச் சந்தோஷம் மிஞ்சுமா என்பது ஒன்று. இந்த வகை கேமுக்கே புதியவர் உள்ளே போனால் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில் ஆமாம். இரண்டாவதற்கு, யாரோடு ஆடுகிறீர்கள், எந்த மெஷினில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் பேசுவது எந்த இடத்திலிருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு த்ரீடி அனிமேஷன் செய்கிறேன், பன்னிரண்டு வருடமாக. ஃபைட்டிங் கேம் பழக்கம் அதற்கும் முந்தையது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டெக்கன் 3 ஆடிய காலத்தில் தொற்றியது. இந்த கேமைப் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் பல நூறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். ஸ்விட்சில் ஆடியது நண்பர் வீட்டில் ஒரு மாலை மட்டும், அதனால் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். போட்டிகளில் பரிசு வாங்கியவனும் இல்லை. ஒவ்வொருவரும் மூன்று பாத்திரங்களை அணியாக எடுத்து ஆடும் கேம் இது; மேல்மட்டத்தில் எந்த மூவர் அணி வலுவானது என்ற விவாதத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

அனிமே கேம் என்றாலே ஒரு சந்தேகம் வருவது நியாயம்தான். இவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: முப்பரிமாண மைதானம், கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் கேமரா, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டன்கள். பத்து மணி நேரம் ஜாலியாகப் போகும், அதற்கு மேல் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. 2019ல் வந்த ஜம்ப் ஃபோர்ஸ், மூன்று வெவ்வேறு அனிமேக்களின் நாயகர்களான கோகு (டிராகன் பால்), நருட்டோ, லூஃபி மூவரையும் ஒரே மேடையில் ஏற்றியது. ஆனால் நிஜ மனிதர் போலத் தோல் மினுங்கும் பொம்மைகளாக்கி ஏற்றியதால் பார்க்கவே என்னவோ போல இருந்தது. 2022 பிப்ரவரியில் அது ஆன்லைன் கடைகளிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. அனிமே கேம்களுக்கே உரிய ஆபத்து இது. பாத்திரங்கள் வேறொருவருக்குச் சொந்தம், கேம் எத்தனை நாள் விற்பனையில் இருக்கும் என்பதும் அந்த உரிமத்தைப் பொறுத்தது.

ஃபைட்டர்ஸ் (பெயரின் கடைசி எழுத்து இசட், வாசிப்பது ஃபைட்டர்ஸ்) வேறு வழியில் வந்தது. வெளியிட்டது பண்டாய் நாம்கோ, செய்தது ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ். 1998லிருந்து கில்டி கியர், 2008லிருந்து பிளேஸ்புளூ என்று பக்கவாட்டில் பார்க்கும் சண்டை கேம்களையே செய்துவந்த ஜப்பானிய நிறுவனம் அது. அதாவது அனிமே பாத்திரங்களை முதலில் வாங்கிக்கொண்டு, அப்புறம் அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள் இல்லை. சண்டை கேம் செய்யத் தெரிந்தவர்கள் கையில் டிராகன் பால் போய்ச் சேர்ந்தது. 2018 ஜனவரியில் வந்தது. அந்த வருடக் கடைசியில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ஃபைட்டிங் கேம் விருதும் இதற்குத்தான்.

நிறைகளில் முதலில் அதன் தோற்றம். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிவது கையால் வரைந்த படம் போல இருந்தாலும் எல்லாமே த்ரீடி மாடல்கள். 2014ல் வந்த கில்டி கியர் எக்ஸ்ஆர்டிக்காக அவர்கள் உருவாக்கிய உத்தி அது. பொதுவாக த்ரீடியில் ஒரு அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் நாம் வைத்தால் நடுவில் இருப்பதைக் கணினி நிரப்பும். கை வழுக்கிக்கொண்டு போவது போல எல்லாம் மிருதுவாக வரும். கார்ட்டூன் அப்படி அசையாது. ஒரு ஓவியம் இரண்டு மூன்று ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) அப்படியே நிற்கும், அப்புறம் சடாரென்று அடுத்த ஓவியம். ஆர்க் ஆட்கள் கணினி நிரப்புவதையே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிலையையும் கையால் அமைத்தார்கள். கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும், கோகுவின் உடம்பு மட்டும் கார்ட்டூன் கணக்கில் நிலைக்கு நிலை தாவும்.

வெளிச்சத்திலும் இதே பிடிவாதம். மேடைக்கு ஒரு விளக்கு வைத்து அது எல்லோர் மீதும் விழட்டும் என்று விடவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி விளக்கு. நிழல் முகத்தில் எங்கே விழ வேண்டும் என்பதை ஓவியர் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார். குத்து கேமராவை நோக்கி வரும்போது முஷ்டியை மட்டும் பெரிதாக ஊதிக் காட்டுகிறார்கள், டிராகன் பாலை உருவாக்கிய தொரியாமா காமிக்ஸில் வரைந்தது போலவே. மாடல் என்பதால் கோகு கமேஹமேஹா என்ற ஒளிக்கதிரைப் போடும் தருணத்தில் கேமரா சுற்றி வந்து முகத்துக்கு நேரே நிற்கவும் முடிகிறது. தட்டையான ஓவியத்தில் அது நடக்காது. வந்து இத்தனை வருடமாகியும் பழசாகத் தெரியவில்லை என்றால், நிஜத்தைக் காப்பியடிக்காமல் கோட்டோவியத்தைக் காப்பியடித்ததுதான் காரணம். ஓவியத்துக்கு வயதாவதில்லை.

அடுத்த நிறை, உள்ளே நுழைவது சுலபம். லைட், மீடியம், ஹெவி, ஸ்பெஷல் என்று நான்கு அடி பட்டன்கள். லைட்டையே திரும்பத் திரும்பத் தட்டினால் போதும், உங்கள் ஆள் தானாக ஒரு முழு காம்போ (விடாத தொடர் அடி) போடுவார், கையில் சக்தி இருந்தால் சூப்பர் என்ற பெரிய அடியில் முடிப்பார். பழைய சண்டை கேம்களில் கட்டை விரல் தேயத் தேயப் பழக வேண்டிய குறுக்குமறுக்கான அசைவுகள் இங்கே கிடையாது. பெரும்பாலும் கீழிருந்து முன்னாலோ பின்னாலோ ஒரு கால்வட்டம், ஒரு பட்டன், அவ்வளவுதான். ஒருவருக்குக் கற்றுக்கொண்டது அடுத்தவருக்கும் பொருந்தும். சூப்பர் டாஷ் என்று ஒன்று உண்டு: எதிராளி எந்த மூலையில் பறந்தாலும் ஒரே பட்டனில் அவரை நோக்கிப் பாயலாம், வழியில் வரும் சின்னச் சின்ன கீ (உடம்பின் சக்தி) குண்டுகளையும் துளைத்துக்கொண்டு. முதல் அரை மணி நேரத்திலேயே டிவியில் பார்த்தது போல ஒரு சண்டை நடந்துவிடும். உங்கள் தம்பிக்கு இது போதும். உங்களுக்கும் முதல் வாரத்துக்கு இது போதும்.

ஆனால் இந்தச் சுலபத்துக்குக் கொடுத்த விலைதான் கேமின் பெரிய குறையும் என்பது என் எண்ணம். எல்லோருக்கும் ஒரே பாய்ச்சல், எல்லோருக்கும் எதிராளியின் பின்னால் மறைந்து தோன்றும் ஒரே வேனிஷ், எல்லோருக்கும் எதிராளியின் தடுப்பை உடைக்கும் ஒரே டிராகன் ரஷ், ஏறக்குறைய ஒரே வடிவில் அடிப்படைக் காம்போ. சைபாமன்களை நடும் நாப்பா, படையையே கூப்பிட்டு எதிராளியோடு உடம்பையும் மாற்றிக்கொள்ளும் கின்யூ போன்ற சிலர் கண்டிப்பாகத் தனி ரகம். அவர்களை ஒதுக்கிவிட்டால், நடுவில் இருக்கும் பலரை ஆடும்போது கைக்குத் தெரியும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தைவிடக் குறைவு. இதை மறுக்கும் நல்ல ஆட்டக்காரர்களும் உண்டு. அணியின் மற்ற இருவர் சட்டென்று வந்து அடித்துவிட்டுப் போகும் அசிஸ்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வோர் அணியும் வேறு வேறு என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த வேறுபாட்டை உணர நூறு மணி நேரமாவது ஆடியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை, காம்போக்களின் நீளம். தெரிந்தவர் ஒருமுறை தொட்டுவிட்டால் பத்துப் பதினைந்து நொடி நீங்கள் வெறும் பார்வையாளர். முடிந்ததும் மூலையில் விழுந்து எழும்போது, மேலிருந்து வருமா, கீழிருந்து வருமா, அசிஸ்டோடு சேர்ந்து வருமா என்று ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் மறுபடியும் அதே பதினைந்து நொடி. ஏழு கட்டம் வரை சேர்த்து வைக்கும் சக்தியும், ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறை கிடைக்கும், கொஞ்ச நேரம் பலத்தைக் கூட்டும் ஸ்பார்க்கிங்கும் சேர்ந்துவிட்டால் ஒரே தொடலில் ஒருவரை முழுசாக முடிப்பது அபூர்வமே இல்லை. மூன்று பேர் அணி என்பதால் இரண்டு பேரை இழந்த பிறகும் கடைசி ஆள் ஸ்பார்க்கிங் போட்டுக் கவிழ்த்துவிடலாம். ஆள் குறையக் குறைய அது நீண்ட நேரம் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்கு இது பரபரப்பு, ஆடத் தொடங்குபவருக்குத் தலைவலி. ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பழக வேண்டும், எதிராளியின் மூன்று பேரையும் படிக்க வேண்டும்.

பாத்திரத் தேர்வைப் பற்றி ரசிகர்கள் அடிக்கும் கிண்டல் உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "எத்தனை கோகு ஐயா!" தொடக்கத்தில் 24 பேர், 2022க்குள் மொத்தம் 44. அதில் சூப்பர் சயான் கோகு, நீல முடி கோகு, சாதாரண கோகு, ஜிடி தொடரின் குட்டி கோகு, அல்ட்ரா இன்ஸ்டிங்க்ட் கோகு என்று ஐந்து பேர். கோகு பிளாக்கையும் சேர்த்தால் ஆறு. கோகு பாதி கலந்த வெஜிட்டோவும் இரண்டு கொகெட்டாவும் அதற்கு மேல். ஆட்டத்தில் இவர்கள் ஒரே மாதிரி இல்லை, குட்டி கோகு ஒருவர், அல்ட்ரா இன்ஸ்டிங்க்ட் முற்றிலும் வேறு ஒருவர். ஆனாலும் லாஞ்ச் என்ற பெண் போன்ற பழைய பாத்திரங்களுக்கு அதில் இடமே கிடைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஜப்பானியக் குரலை வைத்துக்கொண்டு கோகு, கோஹான், பார்டாக் மூவரையும் அணியில் சேர்த்தால் மூன்று பேருக்கும் குரல் மசாகோ நோசாவா. 1936ல் பிறந்த அம்மையார், 1986லிருந்து கோகுவாகப் பேசுகிறார். எண்பது தாண்டிய ஒருவர் தன்னையே தோள் கொடுக்கக் கூப்பிட்டுத் தன்னையே அடிக்கும் சத்தத்தைக் கேட்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

மூலக்கதை மேல் அவர்களுக்கிருக்கும் பாசம் வேறு இடங்களிலும் தெரியும். அழிந்துகொண்டிருக்கும் நாமெக் கிரக மேடையில் கோகுவும் வில்லன் ஃப்ரீசாவும் மோதி, கோகு சரியான அடியால் ஆட்டத்தை முடித்தால், கேம் சட்டென்று அந்தப் பழைய காட்சியையே நடத்திக் காட்டும். காம்போ நீள நீள டிராகன் பந்துகள் ஒவ்வொன்றாகச் சேரும். ஏழும் சேர்ந்து, சக்தியும் நிறைந்திருக்கும்போது லைட் காம்போ போட்டால் வரம் தரும் டிராகனான ஷென்ரான் வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்பார். உயிர் நிரப்பலாம், செத்த ஆளை எழுப்பலாம், இரண்டாவது ஸ்பார்க்கிங் வாங்கலாம். பந்துகளைச் சேர்த்தவர் ஒருவராக இருக்க, வரத்தை மற்றவர் தட்டிக்கொண்டு போகவும் முடியும். அண்ணன் தம்பி ஆடும் வீட்டில் இதனால் சத்தம் வரும், முன்பே எச்சரிக்கிறேன்.

ஸ்டோரி மோடு பற்றி ஒரு பத்தி போதும். ஆண்ட்ராய்ட் 21 என்ற புதிய பாத்திரம் இதற்கென்றே உருவாக்கப்பட்டது, வடிவமைப்பைத் தொரியாமாவே மேற்பார்த்தார். நடுநடுவே வரும் உரையாடல்கள் சிரிக்க வைக்கும். மற்றபடி வரைபடத்தில் கட்டம் கட்டமாக நகர்ந்து, சுரத்தில்லாத நகல் ஆள்களோடு ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான். மூன்று பகுதிகளும் ஏறக்குறைய அதே. தனியாக உட்கார்ந்து கதைக்காக ஆடப்போகிறேன் என்றால் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இப்போது ஆன்லைன். உங்கள் முடிவு தொங்குவது இதில்தான் என்பதால் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு பேர் தூரத்திலிருந்து ஆடும்போது, ஒருவர் அழுத்திய பட்டன் மற்றவர் மெஷினுக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும். ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். பிங் (செய்தி போய்த் திரும்பி வரும் நேரம்) 100 மில்லிசெகண்ட் என்றால் ஒரு வழிப் பயணம் 50, அதாவது மூன்று ஃபிரேம். இதைச் சமாளிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, எதிராளியின் பட்டன் வந்து சேரும் வரை உங்கள் பட்டனையும் காக்க வைப்பது. இணைப்பு ஆடினால் கேமும் சேற்றில் நடப்பது போல ஆகிவிடும். மற்றது ரோல்பேக்: எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்துக்கொண்டு கேம் தொடர்ந்து ஓடும், ஊகம் தவறினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு வரும். டோனி கேனன் ஜிஜிபிஓ என்ற பெயரில் ரோல்பேக்கைப் பிரபலப்படுத்தி ரொம்ப வருடம் ஆகிறது. இருந்தும் 2018ல் ஃபைட்டர்ஸ் பட்டனைக் காக்க வைக்கும் பழைய முறையோடுதான் வந்தது. இவ்வளவு வேகமான கேமில் அது பெரிய தவறு. ஊரடங்கு நாட்களில் போட்டி எல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது இந்த கேம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நானே அந்தச் சமயத்தில் ஒரு வருடம் இதைத் தொடாமல் இருந்தேன்.

ஆறு வருடம் கழித்து, 2024 பிப்ரவரிக் கடைசியில் ரோல்பேக் வந்தது. கணினி, பிளேஸ்டேஷன் 5, புதிய எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் மெஷின்களுக்கு மட்டும். பிளேஸ்டேஷன் 4, பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் ஆகியவற்றுக்குக் கிடையாது. வெவ்வேறு மெஷின்காரர்கள் ஒருவரோடொருவர் ஆடவும் முடியாது, கணினிக்காரர் கணினிக்காரரோடுதான். அதனால் உங்கள் நண்பர்கள் எதில் இருக்கிறார்களோ அதில் வாங்குங்கள். நண்பர்கள் இல்லை என்றால் ரோல்பேக் உள்ள மூன்றில் ஒன்றில் வாங்குங்கள். ரோல்பேக் வந்த பிறகு கணினியில் ஆடியதில், முன்பு தாங்கவே முடியாத தூரத்து எதிராளிகளோடும் நிம்மதியாக ஆட முடிகிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். வருடக்கணக்கில் விடாமல் ஆடியவர்கள்தான் இன்னும் அங்கே மிச்சமிருக்கிறார்கள். ரேங்கில் கீழ்மட்டத்திலேயே உங்களைப் புரட்டி எடுப்பவர் வருவார், வருத்தப்படாதீர்கள்.

போட்டி உலகில் இதன் தகுதி பற்றிச் சந்தேகமே வேண்டாம். 2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில் மற்ற எல்லா கேம்களையும்விட அதிகப் பேர் பதிவு செய்தது இதற்குத்தான், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். இறுதியில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானின் கோ1ஐ வென்றார். அடுத்த வருடம் கோ1 அதே சோனிக்ஃபாக்ஸை வென்று கணக்கைத் தீர்த்தார். அந்த இரண்டு இறுதி ஆட்டங்களையும் வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அப்போது ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் அசிஸ்ட்தான். 2020 பிப்ரவரியில்தான் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அந்த மாற்றம் கேமுக்குப் புது ரத்தம் பாய்ச்சியது என்பேன், ஆனால் தற்காப்பு செய்பவரின் வேலை கடினமானதும் அதற்குப் பிறகுதான்.

காசு விஷயம். தள்ளுபடியில் தெரியும் விலை பெரும்பாலும் அடிப்படைக் கேமுக்கானது, அதில் வருவது 24 பேர். பின்னால் வந்தவர்கள் தனி விற்பனை. ஜிரென், ப்ரோலி, கெஃப்லா, மாஸ்டர் ரோஷி எல்லாம் அந்தப் பக்கம். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். தொடக்கப் பட்டியலிலேயே மாதக்கணக்கில் பழக ஆள் இருக்கிறார்கள். ஆடி ஆடி யாராவது ஒருவர் மேல் ஆசை வந்தால் அவரை மட்டும் அடுத்த தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.

"இதுவா, 2024ல் வந்த இன்னொரு டிராகன் பால் கேமான ஸ்பார்க்கிங் ஸீரோவா?" என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். அது 182 பேரோடு வந்தது, வானத்தில் பறந்து மலையை உடைக்கலாம், தனியாக ஆடுபவருக்குத் தீனியும் அதிகம். டிராகன் பால் உலகத்துக்குள் சுற்றித் திரிய ஆசை என்றால் அதுதான். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் இன்று தோற்று, நாளை யோசித்து, மறுநாள் அவரை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை என்றால் ஃபைட்டர்ஸ். நீங்கள் தம்பியோடு ஆட என்று எழுதியிருப்பதால் நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.

வாங்கினால் முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள். சூப்பர் சயான் கோகு, அடல்ட் கோஹான், ஆண்ட்ராய்ட் 16 போல நேரடியான மூன்று பேரை எடுத்துக்கொண்டு ஆளை மாற்றாமல் ஆடுங்கள். தம்பி எப்படியும் சூப்பர் டாஷையே அடித்துக்கொண்டு பாய்ந்து வருவார், புதிதாக ஆடும் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அதற்கு மருந்து கீழே + ஹெவி. அந்த அடி மேலிருந்து வருபவருக்குச் சிக்காமல் அவரைத் தூக்கி எறியும். டிரெய்னிங் மோடில் பொம்மையை சூப்பர் டாஷ் மட்டும் செய்யும்படி பதிவு செய்து வைத்துக்கொண்டு, பத்தில் எட்டு முறை தட்டிவிடும் வரை பழகுங்கள். அதுவரை காம்போ பக்கமே போக வேண்டாம். தம்பியிடம் இந்தப் பத்தியைக் காட்டவும் வேண்டாம்.